சுத்தமான புல்

கொட்டாஞ்சேனை
6.4.2024

என் மகள் சுபோதினிக்கு,

இதை அப்பா எழுதுகிறேன். அடுத்த வீட்டுக்காரர் எழுதித் தரவில்லை. அப்பாவின் சொந்தக் கை.

நான் சுகம். நீயும் மருமகனும் சுகமாக இருக்க வேண்டும். லில்லிக்கு முழங்கால் வீக்கம் வற்றியதா? சீனி இப்போது எவ்வளவு உயரம்?

வெள்ளவத்தையில் அருந்ததி டீச்சர் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் எழுத்துப் படிப்பது உனக்குத் தெரியும். போன ஞாயிறு டீச்சர், "நாகேந்திரம் ஐயா, கொப்பியில எழுதினது போதும். ஆருக்காவது ஒரு கடிதம் எழுதுங்கோ" என்றார். "எனக்கு ஆர் இருக்கினம் டீச்சர்? ஒரு மகளும் எட்டுக் குதிரையும்" என்றேன். "குதிரை வாசிக்காது. மகளுக்கு எழுதுங்கோ" என்றார். வகுப்பே சிரித்தது. எழுபத்திரண்டு வயதில் முதல் கடிதம். ஒவ்வொரு வரி முடிந்ததும் எழும்பி நின்று தூரத்திலிருந்து பார்க்கிறேன். என்ன அழகு!

இனிப் போன் வேண்டாம். போனில் உன் குரல் தகரப் பேணிக்குள் அகப்பட்ட வண்டு மாதிரிக் கேட்கிறது. எழுது. நான் வாசிப்பேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இரத்தினசிங்கம் முதலாளி சொன்னபடி கிங்கையும் டைமனையும் நேற்றுக் காலை லொறியில் ஏற்றினோம். மலைக்கு ஆட்கள் வரும் சீசன் முடியும்வரை உங்களோடு நிற்கட்டும். ஏரிக்கரையில் பிள்ளைகளை ஏற்றி நடக்கட்டும். கல்யாண வண்டி இழுத்து இழுத்து இரண்டும் களைத்துவிட்டன. ஏற்றும் முன் இரண்டுக்கும் என் கையாலேயே புழு மருந்து கொடுத்தேன். அது எங்கள் லாயத்து வழக்கம். இன்னொருவர் புல்லுக்குப் போகிற குதிரை வயிற்றைச் சுத்தமாக்கிக்கொண்டுதான் போக வேண்டும். விருந்து வீட்டுக்குள் கால் கழுவாமல் போவோமா? உங்கள் தரை கிழங்குத் தோட்டமாக இருந்தது. லில்லியும் அதன் குட்டி சீனியும் தவிர வேறு குதிரை மிதித்ததில்லை. கொழும்பில் அப்படி ஒரு புல்லை நான் கண்டதே இல்லை. அதில் எங்கள் புழு இறங்கக் கூடாது.

சீனியை நன்றாகப் பார். லில்லிக்கு வயது போய்விட்டது. அடுத்த சீசனுக்கு உங்கள் வீட்டுக்கு உழைக்கப் போவது சீனிதான்.

கை நோகிறது. சந்தோஷமான நோவு.

அப்பா
நாகேந்திரம்
(இதை டீச்சர் பார்க்கவில்லை)


நுவரெலியா
27.4.2024

என் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான் மூன்று முறை வாசித்தேன். அவர் இரண்டு முறை வாசித்தார். பிறகு சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். இந்த வயதில் உங்களுக்கு எழுத்து வந்ததை அம்மா பார்க்காமல் போய்விட்டாவே என்று ஒரு பாட்டம் அழுதேன். இப்போது சரி. நாங்கள் இருவரும் சுகம். உங்களுக்கு இருமல் குறைந்ததா?

கிங்கும் டைமனும் நல்லபடி வந்து சேர்ந்தன. லொறியிலிருந்து இறங்கியதும் கிங் தலையைக் குனிந்ததுதான், இருட்டும்வரை நிமிரவில்லை. அவ்வளவு புல் அதற்கு ஆச்சரியம் போல. சீசன் கூட்டம் பரவாயில்லை. கொழும்புப் பிள்ளைகளுக்கு டைமனின் வெள்ளை நிறம் பிடித்துவிட்டது. வரிசையில் நிற்கிறார்கள்.

சீனி டைமனுக்குப் பின்னாலேயே திரிகிறது. அது சாப்பிட்ட இடத்தில் இதுவும் சாப்பிட வேண்டும். இவர் சேணத்துக்குப் பதிலாக ஒரு சாக்கை முதுகில் போட்டுப் பழக்குகிறார். முதல் நாள் சாக்கைக் கடித்து ஏரிக்குள் எறிந்துவிட்டது. "உன்ர அப்பாவின்ர குணம்" என்றார் இவர்.

மருந்து கொடுத்து அனுப்பியதற்கு இவர் நன்றி சொல்லச் சொன்னார். எல்லோரும் அப்படிச் செய்ய மாட்டார்களாம்.

உடம்பைக் கவனியுங்கள் அப்பா.

சுபோ


கொட்டாஞ்சேனை
23.6.2024

என் மகளுக்கு,

நான் சுகம். இருமல் இல்லை. உங்கள் சுகத்தை எழுது.

கிங்கும் டைமனும் வந்துவிட்டன. உடம்பு உருண்டு வந்திருக்கின்றன. முதலாளி தடவிப் பார்த்துவிட்டு, "உங்கட மகளின்ர சாப்பாடு எனக்கும் கிடைச்சால் நல்லம்" என்றார்.

மகள், இப்போது பஸ்ஸில் போவது எனக்கு ஒரு படம் பார்ப்பது மாதிரி. காலி வீதி முழுக்க எழுத்து. கொள்ளுப்பிட்டியில் ஒரு பெயர்ப்பலகையை வாசித்து முடிக்கும் முன் பஸ் பம்பலப்பிட்டிக்கு வந்துவிடுகிறது. முன்பு இறங்கும் இடத்துக்குக் கோயில், மரம், பேக்கரி என்று அடையாளம் வைத்திருந்தேன். இப்போது பலகையில் வெள்ளவத்தை என்று வாசித்துவிட்டு ராசா மாதிரி இறங்குகிறேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மாவிடம், "இதுதான் வெள்ளவத்தை" என்றேன். "நான் முப்பது வருஷமா இங்கதான் இருக்கிறன்" என்றா.

லொறிக்காரரிடம் புழு மருந்து டியூப் நான்கு கொடுத்து விடுகிறேன். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை தவறாமல் கொடு. லில்லிக்கும் சீனிக்கும் சேர்த்து ஒரு டியூப் போதும். மருந்து கிடைக்காமல் தட்டுப்பாடாக இருந்த அந்த வருடத்தில் நாங்கள் ஒரு டியூப்பை இரண்டு குதிரைக்குப் பங்கிடப் பழகினோம். எங்கள் குதிரைகள் சின்னதுதானே. இன்றுவரை அப்படித்தான். ஒரு குறையும் இல்லை. நாக்கின் பின்பக்கம் வைத்து, தலையை உயர்த்திப் பிடி. சீனி துப்பும். விடாதே.

அப்பா


நுவரெலியா
18.8.2024

என் அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பிந்திப் பதில் எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம். ஏரியில் ஆட்கள் குறைவு. இவர் பகலில் ஒரு மரக்கறிக் கடைக்கு மூட்டை ஏற்றப் போகிறார்.

மருந்து கொடுத்தோம். சீனி பாதியைத் துப்பியது, மற்றப் பாதி போயிருக்கும்.

சீனியின் மயிர் கொஞ்சம் சொரசொரத்துப் போயிருக்கிறது. மெலிவு மாதிரியும் தெரிகிறது. மழைதான் காரணமாக இருக்கும். லில்லி நல்லாயிருக்கிறது. நீங்கள் யோசிக்க வேண்டாம்.

நான் ஒரு தையல் மெஷின் பார்த்திருக்கிறேன். பாடசாலைச் சீருடைகள் தைக்கலாம் என்று எண்ணம். அருந்ததி டீச்சருக்கு என் வணக்கம்.

சுபோ


கொட்டாஞ்சேனை
22.9.2024

என் மகளுக்கு,

உன் கடிதம் சின்னதாக இருந்தது. ஆனாலும் நான் வாசித்த நேரம் நீளம். சுகமாக இருங்கள்.

முதலில் என் செய்தி. டைமன் என் இடது காலை மிதித்துவிட்டது. அதன் பிழை இல்லை, பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வெடித்தது. பாதத்தில் ஒரு எலும்பு. மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். வகுப்புக்கு முச்சக்கரவண்டியில் போகிறேன். டீச்சர் கட்டின் மேல் என் பெயரை எழுதச் சொன்னார். எழுதினேன். ஆஸ்பத்திரியில் நான் மட்டும்தான் கையெழுத்துப் போட்ட காலோடு இருந்தேன்.

கிங் மெலிகிறது மகள். ஜூனில் உருண்டு வந்த குதிரை. நல்லாகத் தின்கிறது, ஆனால் விலா தெரிகிறது. மருந்து கொடுத்தேன், மாற்றம் இல்லை. முதலாளி வெள்ளவத்தையிலிருந்து மிருக வைத்தியர் பஹ்மியாவைக் கூப்பிட்டார். சின்ன வயதுப் பிள்ளை. கிங்கின் வாயைப் பார்த்தார், வயிற்றில் காது வைத்தார். பிறகு, "நாளைக் காலை போடுற சாணத்தை ஒரு டப்பாவில எடுத்துட்டு வாங்க ஐயா, எண்ணிப் பாக்கணும்" என்றார்.

ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டுக் கட்டிக்கொண்டு, இந்தக் காலோடு, பஸ்ஸில் போனேன். முச்சக்கரவண்டிக்காரர் டப்பாவைக் கண்டதும் ஏற்ற மாட்டேன் என்றுவிட்டார். பஸ் கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன ஐயா, கருவாடோ?" என்றார்.

"குதிரைச் சாணம்."

"எங்க கொண்டுபோறீங்க?"

"டொக்டரிட்ட. எண்ணுறதுக்கு."

"சாணத்தையோ?"

"இல்லை தம்பி, அதுக்குள்ள இருக்கிற முட்டையை."

அவ்வளவுதான். "கேட்டீங்களா, குதிரை முட்டை போட்டிருக்காம்! ஐயா மடியில வச்சுக்கொண்டு போறார்!" என்று பஸ் முழுக்கச் சொன்னார். இறங்கும்வரை சிரித்துக்கொண்டே வந்தார்கள். எனக்கு ஒரு சீட் கிடைத்தது.

டொக்டர் கண்ணாடிக்குள் பார்த்து எண்ணினார். எனக்கும் காட்டினார். வட்ட வட்டமாக, தண்ணீரில் மிதக்கும் அரிசிக் குறுணி மாதிரி. அது புழுவின் முட்டை. இனி நிறை பார்த்து முழு அளவில் மருந்து கொடுத்து, இரண்டு கிழமை கழித்துத் திரும்ப எண்ண வேண்டுமாம். மருந்து வேலை செய்தால் முட்டை இருக்காது.

சீனிக்கு இன்னொரு தடவை மருந்து கொடு. மெலிவு என்றால் புழுதான்.

அப்பா


நுவரெலியா
20.10.2024

என் அப்பாவுக்கு,

உங்கள் கால் எப்படி இருக்கிறது? வெறும் காலோடு லாயத்துக்குள் நிற்காதீர்கள். உங்கள் கடிதத்தை வாசித்து இவர் சிரித்தார். நீண்ட நாளைக்குப் பிறகு சிரித்தார்.

இங்கே மழை. தீபாவளிக்குப் பலகாரம் கொஞ்சம் செய்ய எண்ணியிருக்கிறேன். மெஷின் வாங்கிவிட்டேன். பதினைந்து சீருடை ஓடர் வந்திருக்கிறது. காலர் தைப்பதுதான் கஷ்டம். மேல் வீட்டு அம்மா கற்றுத் தருகிறா.

சீனியை மழைக்கு உள்ளே கட்டியிருக்கிறோம். பரவாயில்லை.

வேறு விசேஷம் இல்லை. மாத்திரைகளை நேரத்துக்குப் போடுங்கள்.

சுபோ


கொட்டாஞ்சேனை
10.11.2024

என் மகளுக்கு,

தீபாவளிப் பலகாரம் வந்தது. முறுக்கு நல்ல மொறுமொறுப்பு. கட்டு வெட்டிவிட்டார்கள், கால் மெலிந்து கொக்கின் கால் மாதிரி இருக்கிறது. இன்னும் தடியோடுதான்.

உன் கடிதத்தில் சீனிக்கு ஒரே ஒரு வரி இருந்தது. நான் எல்லா வரியையும் எண்ணி வாசிக்கிற ஆள்.

டொக்டர் திரும்ப எண்ணினார். துண்டில் எழுதித் தந்தார், நானே வாசித்தேன். மருந்துக்கு முன் எண்ணூறு. மருந்துக்குப் பின் எழுநூற்றைம்பது. வாசித்த சந்தோஷத்தில், "குறைஞ்சிருக்கு" என்றேன். டொக்டர் சிரிக்கவில்லை.

"ஐயா, ஒன்றுமே இருக்கக் கூடாது."

"அப்ப மருந்து பழுதோ?"

"மருந்து நல்லம். புழுதான் மாறிட்டுது. இந்த மருந்துக்குச் செத்த புழுவெல்லாம் எப்பவோ செத்துப்போச்சு. சாகாத ஒன்றிரண்டுதான் குட்டி போட்டுக் குட்டி போட்டு இப்ப முழு வயிறும் நிறைஞ்சிருக்கு. பாதி டியூப், பாதி டியூப்பா எவ்வளவு காலம் குடுத்தீங்க?"

நான் வருடங்களை விரல் மடித்து எண்ணினேன். டொக்டர் டைமனுடையதையும் மற்ற ஆறின் சாணத்தையும் எண்ணினார். எல்லாம் அதே கதை. மட்டக்குளி ஆற்றோரத்தில் பின்னேரம் கட்டி மேய்க்கிறோமே, அந்தத் தரை முழுவதும் அந்த வம்சம்தான் என்றார்.

டொக்டர் இன்னொன்றும் கேட்டார். அதைப் பிறகு எழுதுகிறேன்.

மகள், சீனி எப்படி? நேராக எழுது.

அப்பா


நுவரெலியா
1.12.2024

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

உமாசுதன் எழுதுகிறேன். உங்கள் கால் குணமாகக் கடவுளை வேண்டுகிறேன். சுபோதினி எழுத வேண்டாம் என்றாள். நீங்கள் நேராகக் கேட்டிருக்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

சீனி செப்டெம்பர் தொடக்கம் கழிகிறது. தண்ணீராகக் கழிகிறது. அதற்குள் சிவப்பு நூல் துண்டு மாதிரிப் புழுக்கள் உயிரோடு நெளிகின்றன. வயிற்றுக்குக் கீழே நீர் கோர்த்துத் தொங்குகிறது. விரலால் அமத்தினால் குழி விழுகிறது. எழும்புவதற்கு நாங்கள் இரண்டு பேரும் தூக்கிவிட வேண்டும். சுபோதினி சீருடை தைக்கிறாள் என்று எழுதினாளாம். தைக்கிறாள்தான். சீனி படுத்திருக்கும் கொட்டிலுக்குள் மெஷினைக் கொண்டுபோய் வைத்துத்தான் தைக்கிறாள்.

நீங்கள் அனுப்பிய மருந்து எல்லாம் கொடுத்தோம். இங்குள்ள மிருக வைத்தியரும் அதே மருந்தை இரண்டு தடவை முழு அளவில் கொடுத்தார். அசையவில்லை.

அவர் புல்லைப் பார்த்தார். வேறு குதிரை வந்ததா என்று கேட்டார். சொன்னேன். வந்த அன்று மருந்து கொடுத்தார்களா என்று கேட்டார். அதையும் சொன்னேன், அதைப் பெருமையாகத்தான் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மருந்து கொடுத்ததும் வயிற்றில் மிஞ்சியிருப்பது மருந்துக்குச் சாகாத புழு மட்டும்தானாம். மருந்து கொடுக்காமல் வந்திருந்தால் சாகிற புழுவும் கொஞ்சம் கலந்து இறங்கியிருக்குமாம். எங்கள் புல்லில் கலக்க வேறு புழு இல்லை. இறங்கியது அத்தனையும் அதுதான். சீனி டைமனுக்குப் பின்னால் திரிந்து திரிந்து தின்றது.

மாமா, நீங்கள் நல்லதுக்குத்தான் செய்தீர்கள். எனக்கு அது தெரியும். ஆனால் இரவில் அதைத் தூக்கிவிடும்போது எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

வேறு மருந்து ஏதாவது கொழும்பில் கிடைக்குமா என்று கேளுங்கள்.

மருமகன்
உமாசுதன்


கொட்டாஞ்சேனை
5.12.2024

மருமகன் உமாசுதனுக்கும் மகளுக்கும்,

கடிதம் கிடைத்தது. முழுவதும் வாசித்தேன். டொக்டர் பஹ்மியா என்னிடம் கேட்டதும் அதுதான். ஏற்றுகிற அன்றுதானா கொடுத்தீர்கள் என்று கேட்டார். ஓம் என்றேன். பேனையை மூடி வைத்துவிட்டார். அன்றைக்கே நான் உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும்.

இப்போது அதைப் பேச நேரம் இல்லை. கேளுங்கள். வேறு ஒரு மருந்து இருக்கிறது. குடல் சுவருக்குள் சுருண்டு கிடக்கும் குஞ்சுப் புழுவையும் அது எட்டுமாம். கடைகளில் இல்லை. டொக்டர் தெரிந்தவர்களிடம் கேட்டு ஒன்று எடுத்துத் தந்தார். நான் டியூப்பை வாங்கிய கையோடு கோட்டைக்குப் போய், நுவரெலியா பஸ் சாரதியிடம் கொடுத்திருக்கிறேன். இந்தக் கடிதமும் அதோடு வருகிறது. பஸ் நிலையத்தில் போய் எடுங்கள்.

டொக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இவ்வளவு மெலிந்த குதிரைக்கு இது ஆபத்தும்தான். உள்ளே இருப்பவை ஒரேயடியாகச் செத்தால், அல்லது ஒரேயடியாக வெளியே வந்தால், குடல் தாங்காமலும் போகலாம். கொடுக்காவிட்டால் நிச்சயம் போய்விடும். அங்குள்ள வைத்தியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொடுங்கள். நிறையை நாடாவால் அளந்து பாருங்கள். கண்ணால் மதிக்க வேண்டாம்.

நானே வந்திருப்பேன். அவ்வளவு நேரம் பஸ்ஸில் காலை மடக்கி இருக்க முடியவில்லை.

மருமகன், கோபத்தை என் மேல் வையுங்கள். நான் வாங்கிக்கொள்கிறேன். சுபோவைக் கொஞ்சம் தூங்கச் சொல்லுங்கள்.

அப்பா


நுவரெலியா
19.1.2025

அப்பா,

பொங்கல் எப்படிப் போனது என்று எழுதவில்லை நீங்கள். நானும் டிசெம்பரிலிருந்து எழுதவில்லை, மனம் வரவில்லை. கால் எப்படி?

சீனி செத்துவிட்டது.

மருந்து கொடுத்த மறுநாள் எழும்பி நின்றது. தானாகவே எழும்பியது. இவர் என்னைக் கூப்பிட்டு, "வா, வந்து பார்" என்றார். தவிடு தின்றது, என் சட்டைக் கையைக் கடித்தது. நான் அன்றைக்கே உங்களுக்குப் போன் எடுக்க வெளிக்கிட்டேன். நாளைக்கும் நின்றால் எடுப்போம் என்று இவர் சொன்னார். அதற்கு அடுத்த நாள் திரும்பக் கழிந்தது. இரத்தமாகக் கழிந்தது. நிலத்தில் உருண்டது. வைத்தியர் வந்தபோது காது குளிர்ந்துவிட்டது. ஊசி போட்டு அனுப்பிவிடுவோமா என்று கேட்டார். நான்தான் ஓம் என்று சொன்னேன். இவரால் சொல்ல முடியவில்லை.

வைத்தியர் திறந்து பார்த்தார். எனக்கும் காட்டினார். குடல் சுவர் முழுக்கக் குரக்கன் தானியம் தூவிய மாதிரிப் புள்ளிகள். ஒவ்வொன்றும் உள்ளே சுருண்டு கிடந்த ஒரு புழு. பாதி வெளியே வந்த இடமெல்லாம் புண். இரண்டு மாதத்துக்கு முன் கொடுத்திருந்தால் ஒருவேளை என்று சொல்ல வந்து நிறுத்திவிட்டார்.

செப்டெம்பரிலேயே நான் உங்களுக்கு எழுதியிருந்தால் நீங்கள் டொக்டரிடம் கேட்டிருப்பீர்கள். முதல் முதலாக எழுத்துப் படித்து, சந்தோஷமாக எழுதுகிற மனிசனுக்கு இதையா எழுதுவது என்று நினைத்தேன். நல்ல செய்தியாக ஒன்று வரட்டும், அதோடு சேர்த்து எழுதுவோம் என்று நினைத்தேன்.

தரையில் ஒரு வருடத்துக்கு மேல் குதிரை கால் வைக்கக் கூடாதாம். மாடு மேயலாம், மாட்டுக்கு இந்தப் புழு ஒட்டாதாம். ஒரு மாட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டோம். லில்லியை வீட்டுக்குப் பின்னால் சீமெந்துத் தரையில் கட்டியிருக்கிறோம். அதன் வயிற்றிலும் இருப்பது அதுதான். வயது போன குதிரை, தாங்கிக்கொண்டு நிற்கிறது. வேலியைப் பார்த்தபடி கனைக்கிறது. இவர் மரக்கறி லொறியில் போகிறார், கிழமைக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருகிறார்.

இந்த ஏப்ரலுக்குக் குதிரை அனுப்ப வேண்டாம் அப்பா.

சுபோ


கொட்டாஞ்சேனை
5.4.2025

என் மகள் சுபோவுக்கு,

உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதவில்லை. பல தடவை எழுதினேன். எழுதியதை வாசித்துப் பார்த்தால் எதுவும் சரியாக இல்லை. நீயும் மருமகனும் சுகமாக இருக்க வேண்டும். லில்லிக்குக் காலடியில் சாக்குப் போடு, சீமெந்து குளம்பைத் தின்னும்.

உன் மேல் ஒரு பிழையும் இல்லை. இதை மட்டும் முதல் தடவையிலேயே சரியாக எழுத முடிந்தது.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். டொக்டர் பஹ்மியா, எட்டுக் குதிரையையும் வேறு புல்லுக்கு அனுப்பவே கூடாது, சாணத்தை அன்றாடம் அள்ளி எரிக்க வேண்டும், எந்த மருந்து கேட்கிறது என்று எண்ணிப் பார்த்துத்தான் இனிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். நான் அப்படித்தான் செய்துவந்தேன். போன கிழமை முதலாளி வந்து, கிங்கையும் டைமனையும் கற்பிட்டிக்கு அனுப்பப் போகிறேன் என்றார். அங்கே ஜவாத் என்று ஒருவர் தென்னங்காணிக்குள் புதிதாகப் புல் வளர்த்திருக்கிறாராம். குதிரைக் குட்டி இரண்டு வாங்கி விட்டிருக்கிறாராம்.

"மருந்தைக் குடுத்திட்டு ஏத்துங்கோ நாகேந்திரம்" என்றார்.

"ஏத்த ஏலாது முதலாளி. அந்தக் குட்டியள் செத்துப்போகும்."

"ஏன், அங்க புலியோ நிக்குது?"

"எங்கட குதிரையின்ர வயித்துக்குள்ள நிக்குது."

"அந்த டொக்டர்ப் பிள்ளை உங்களுக்கு நல்லா ஓதிப்போட்டுது. புழு இல்லாத குதிரை எங்க இருக்கு? பயந்து பயந்து கொட்டாஞ்சேனையில கட்டிவச்சால் ஆர் தீனி போடுறது?"

"இப்பிடித்தான் மருந்து குடுத்து ஏத்தின மிருகத்தை நான் என்ர மகளின்ர புல்லில இறக்கினனான். இனி ஆரின்ர புல்லிலயும் இறக்க மாட்டன்."

அவர் டைமனின் கழுத்தைத் தடவினார். கெட்ட மனிசன் இல்லை. பிறகு, "அப்ப வீட்டில இருந்து கடிதம் எழுதுங்கோ" என்றார். இன்று காலை வேறு ஆளைக் கூட்டி வந்தார். அவர் என் கண் முன்னாலேயே இரண்டுக்கும் மருந்து கொடுத்தார். நல்ல கை. ஒரு சொட்டும் சிந்தவில்லை.

ஜவாத்தின் போன் நம்பரை முதலாளி தரவில்லை. நான் வீட்டுக்கு வந்து அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். தெரியாத ஆளுக்கு எழுதும் முதல் கடிதம். குதிரைகளை வேலிக்குள் விட வேண்டாம், கொட்டிலில் கட்டிச் சாணத்தை எண்ணிப் பாருங்கள், சீனி என்று ஒரு குதிரை இருந்தது என்று எழுதினேன். தபாலில் போட்டால் பிந்திவிடும். தடியை ஊன்றி லாயத்துக்குத் திரும்பப் போய், லொறிக்காரச் சிங்களத் தம்பியின் கையில் கொடுத்தேன். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. "இஸ்ஸெல்லா மேக்க தெண்ட மல்லி" என்று, முதலில் இதைக் கொடுக்கும்படி சிங்களத்தில் இரண்டு தடவை சொன்னேன். அவர் அதைச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்தார். மடிக்க வேண்டாம் என்றேன். கடித உறையின் மேல் எழுதியிருப்பது அப்போதுதானே தெரியும். பெரிய எழுத்தில், ஒரு பிழையும் இல்லாமல் எழுதியிருந்தேன்:

குதிரைகளை இறக்குவதற்கு முன் வாசிக்கவும்.

லொறி போய்விட்டது. விடிவதற்குள் கற்பிட்டிக்குப் போய்விடும். ஆனால் கிங்கை உனக்குத் தெரியும். புல் மணம் வந்துவிட்டால், லொறியிலிருந்து இறங்கும் பலகையைச் சரியாக வைக்கும்வரைகூட அது பொறுக்காது.

உடம்பைக் கவனி.

அப்பா